சுவர் உண்டு

உலகில் வீணாகும் பேச்சுக்கெல்லாம் முடிவு கட்டியது எங்கள் நிறுவனமே என்பதை மிகுந்த அடக்கத்துடன் பதிவு செய்கிறேன். நான் அங்கே அறிக்கை எழுதுபவன்.

பின்னோக்கி வரும் லாரிக்குக் குறுக்கே ஆள் நின்றால் கண்டுபிடித்து நிறுத்தும் ரேடார் எங்கள் தயாரிப்பு. விலையுயர்ந்த ரேடார்கள் எதிரொலியை ஆயிரம் படிகளில் அளந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். எங்களுடையது ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும். அதனால் மலிவு. இந்த எளிமையில் சொக்கிப்போன மேலாளர், கூட்டங்களிலும் இனி அந்த இரண்டு சொற்களே போதும் என்று சுற்றறிக்கை விட்டார்.

எங்கள் பெண் பொறியாளர் மட்டும் அடுத்த கூட்டத்திலும் திருந்தவில்லை.

“சார், பெரிய சுவர் முன்னாடி ஆள் நின்னா, சுவரோட எதிரொலி ஆளோடதை அமுக்கிடும். ‘உண்டு’ன்னு சொல்ற அளவைக் கொஞ்சம் ஏத்தி இறக்கி, எதிரொலியைப் பல தடவை கேட்டாத்தான் ஆள் தெரியும். ஒரு மாசம் குடுங்க.”

“குறை உண்டா, இல்லையாம்மா?”

“அது ஆள் நிக்கிற இடத்தைப் பொறுத்து...”

“‘பொறுத்து’க்குப் படிவத்துல கட்டமே இல்லம்மா.”

‘குறை: இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மறுநாள் கிடங்கு வாசலில் சோதனை. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி என் மனைவியின் அண்ணன். லாரி பின்னோக்கி வந்தது. கருவி ‘சுவர் உண்டு’ என்று கண்டு, சுவருக்கு ஓரடி முன்பு நிற்கத் தீர்மானித்தது. நாற்காலி இருந்தது அதற்கு முன்னால். பார்வையாளர் குரல் கொடுத்துச் சோதனையைக் கெடுக்கக் கூடாது என்பது விதி. மேலாளரும் நானும் விதியைக் காத்தோம். நான் பேனா மூடியைக் கடித்தபடி காத்தேன்.

பொறியாளர்தான் ஒழுங்கீனமாகக் கத்தினார். மச்சான் துள்ளிச் சுவரேறினார். நாற்காலி அப்பளமாக நொறுங்கியது.

படிவத்தை நிரப்பினேன். ‘சுவரில் மோதியதா? இல்லை. ஆள் இறந்தாரா? இல்லை.’ முழு வெற்றி. பொறியாளருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தயாரானது.

ஒற்றைச் செருப்போடு சுவர்மேல் உட்கார்ந்திருந்த மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ள, அந்த ரேடார் பெட்டிக்குத்தான் நான் தெரியல. உங்களுக்குமா தெரியல?”

படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.