பின்பக்க ஜன்னலில் பிடிபட்டேன்

மனைவி புடவை கட்டுவதைத் தள்ளி நின்று பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். பார்க்கப்படுவதில் அவளுக்கும் சந்தோஷம் என்பது, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நான் வாய்திறந்து கேட்டபோதுதான் தெரிந்தது. "இதக் கேக்கறதுக்கு இத்தினி வருஷமா?" என்று சிரித்தாள் சுமதி. சட்டம் அவள் போட்டது: ஜன்னல் திறந்திருந்தால் சம்மதம், சாத்தினால் நான் நடையைக் கட்ட வேண்டும். (கட்டியிருக்கிறேன், பலமுறை.)

திண்டிவனத்தில் புது வீட்டுக்குக் குடிவந்த வாரம். விடிந்ததும் விழுப்புரத்துக்கு வேலைக்கு ரயிலேறிவிடுவதால், மாடியிலிருந்த ஹவுஸ் ஓனர் அம்மா என் முகத்தைப் பார்த்ததே இல்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போக லீவு போட்டிருந்தேன். மத்தியானம், வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில், திறந்த ஜன்னலெதிரே, பக்திக்குச் சம்பந்தமில்லாத முகத்தோடு நின்றேன்.

"டேய்! யார்றா நீ? பொம்பள இருக்கற வூட்ட எட்டிப் பாத்துக்கினு நிக்கிற?" ஓனரம்மா. கையில் துடைப்பம்.

'என் பொண்டாட்டிங்க' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. என் மூளை அதைத் தவிர எல்லாவற்றையும் யோசித்தது.

"மீட்டர் பாக்க வந்தேங்க."

"மீட்டரு வாசல்ல கீது! ஜன்னல்ல இன்னாடா மீட்டரு?"

காலரைப் பிடித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து போலீசுக்குப் போன் போட எண்ணைத் தேடினார். வந்த வாரமே கேவலப் பேரோடு ஊரைக் காலி செய்யப்போகிறேன் என்று முடிவுகட்டிவிட்டேன்.

சுமதி வெளியே வந்தாள். கொசுவம் கச்சிதம் (அந்த நிலையிலும் கவனித்தேன்).

"விடுங்கக்கா. எங்க வூட்டுக்காரரு. நான்தான் பாக்கச் சொன்னேன்."

"நீயே சொன்னியா?"

"ஆமா. கேட்டாரு, சரின்னேன். கேக்காம பாக்கறவனா இருந்தா நீங்க வர்றதுக்குள்ள நானே தொடப்பத்த எடுத்திருப்பேன்."

எதிர்வீட்டுக்காரர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் காலரைச் சரிசெய்து, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நிமிர்ந்தேன். என் பெண்டாட்டி!

ஓனரம்மா மட்டும் விடவில்லை. "அப்டின்னா வூட்டுக்குள்ள சேர் போட்டு உக்காந்து பாரேன்யா! நடக்கற வழியில நின்னு எங்களயும் ஏன் பேஜாரு பண்ற?"

நியாயமான கேள்வி. சம்மதம் எங்கள் இரண்டு பேருக்குள்தான்; அவரிடம் யாரும் வாங்கவில்லையே. அன்றே வீட்டுக்குள் ஒரு சேர் போட்டேன்.

அடுத்த வாரம் மாடிப்படியில் சுமதியை நிறுத்தினார் ஓனரம்மா. குரல் தணிந்திருந்தது.

"ஏம்மா, எங்க வூட்டாளு டி.வி.ய விட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்கறாரு. உன் வூட்டுக்காரர வந்து ஒரு வார்த்த பேசச் சொல்லேன்."

இன்றும் நான் ரிமோட்டைத் தொட்டால் போதும், "ஊருக்கே பாடம் எடுக்கப் போன ஆளாச்சே!" என்கிறாள் சுமதி.