கடைசிப் பக்கத்துக்கு ஒரு மீசை தேவை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் மகளும் நலம். என் மேலுதடு மட்டும் நலமில்லை. அங்கே நீ, உன் வீட்டார், உன் மீசை எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். மீசையைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது.

போன வாரம் கையில் பையோடு மாடிப்படி ஏறும்போது வீட்டுக்காரர் எதிரே இறங்கி வந்தார். இத்தனை வருஷம் வாடகை கொடுத்த முகம், அவருக்கு மறக்காது என்றுதான் நினைத்திருந்தேன். மனிதர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, "யாரைப் பார்க்கணும்? மேல் வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார், அப்புறமா வாங்க" என்றார். நானும் "சரிங்க" என்று சொல்லித் திரும்பி இறங்கி, தெருமுனை வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவர் சொன்ன தோரணையில் நான் வீட்டில் இல்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. ஆமாம் தம்பி, மீசையை எடுத்துவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. "போன் பண்ணா ஒரு நிமிஷ வேலைப்பா" என்று மகள் சொல்லத்தான் செய்தாள். போனில் நீ சிரித்தால் எனக்குக் கேட்கும், கடிதத்தில் சிரித்தால் கேட்காது என்று சொல்லிவிட்டேன். தவிர, அப்படியொன்றும் தலைபோகிற அவசரமும் இல்லை.

உன் அண்ணன் மகள் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிறவள் என்பது உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட வேலை என்பது தெரியாது, கூட இருக்கிற எனக்கே முழுசாகத் தெரியாது. காலையில் எழுந்ததும் என் இடது கால் செருப்பை ஒரு தாளில் வரைவாள். கை சூடாக வேண்டுமாம். வலது கால் செருப்பு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன், அது அழகாக இருக்கிறதாம், பழகுவதற்கு உதவாதாம். கோபக்காரரை வரையும்போது தானும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாள். அந்த முகத்தோடு போய்க் கதவைத் திறந்ததில் பார்சல் கொண்டுவந்த ஆள் கையெழுத்துக்கூட வாங்காமல் ஓடிவிட்டார். ஒருநாள் ஞாபகமில்லாமல் தூரிகையை என் டீயில் முக்கிவிட்டாள். நான் கத்த வாயைத் திறப்பதற்குள், "அப்பா, யானை கலர் கெடைச்சிருச்சு!" என்று அவள் கத்தினாள். அன்றிலிருந்து உன் அண்ணி இரண்டு டீ போடுகிறாள், எனக்கு ஒன்று, யானைக்கு ஒன்று. யானைக்குச் சர்க்கரை போடக்கூடாது, தாளில் எறும்பு வரும்.

இப்போது அவள் வரைவது ஒரு பஸ் கண்டக்டர் கதை. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத கண்டக்டர். பஸ்ஸில் ஒரு யானை ஏறுகிறது, பின் சீட்டு முழுவதும் அதற்கே சரியாகிவிடுகிறது, ஒரே அமர்க்களம். கடைசிப் பக்கத்தில் யானை அதன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடும், கண்டக்டர் அந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவ்வளவுதான் கதை. யானை, நடையைப் பொறுத்தவரை, நம் வீட்டுக்காரர். கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்குவதை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். அவரே ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப உயிரோட்டமா இருக்கும்மா, எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கு" என்றார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். கண்டக்டர் யார் என்று நீ கேட்கவே வேண்டாம். கழுத்தில் கைப்பையை மாட்டிக்கொண்டு, பஸ் கம்பிக்குப் பதில் துடைப்பக்கட்டையைப் பிடித்தபடி கூடத்தில் ஆடி ஆடி நின்றவன் நான்தான். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளேன் என்றால், போட்டோ மூச்சு விடாது என்கிறாள்.

கடைசிப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. பதிப்பகத்து அம்மாவுக்கு இவள் வேலை பிடித்துப்போய், இந்தப் புத்தகம் முடிந்த மறுவாரமே அவர்கள் ஊருக்கு வந்து ஆபீசில் சேர்ந்துவிடச் சொல்லியிருக்கிறார். நல்ல சம்பளம், தங்க இடம், ஜன்னலோர மேஜை. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கும்தான். அந்தச் சந்தோஷத்தில் வரைந்த பக்கங்களை எல்லாம் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டிக் காட்டினாள். பார்க்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் நான், என் மூக்குக்குக் கீழே பழைய பிரஷ் மாதிரி ஒரு மீசை. ஊர்க் குழந்தைகள் எல்லாம் பார்க்கப்போகிற முகமாயிற்றே, கொஞ்சம் கண்ணியமாக இருக்கட்டுமே என்று முடிவெட்டும் கடைக்குப் போனேன். அங்கே ஏதோ பேசிக்கொண்டிருந்தோம், பேச்சு வாக்கில் மீசை போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். உன் அண்ணிதான் பேசினாள்: "மூஞ்சியா இது? உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. புள்ள ஒரு பக்கம் முடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியலயா உங்களால?" மகள் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை தம்பி. "விடும்மா, அப்பாவுக்கு என்ன தெரியும், நான் மனசுல இருந்தே போட்டுடறேன்" என்று உட்கார்ந்தாள். போட்டாள். நாடகக்காரன் ஒட்டிக்கொண்ட மீசை மாதிரி வந்தது. கிழித்தாள். என்னை உட்காரவைத்து, "யானை போயிடுச்சுப்பா. சீட்டு காலி. இப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றாள். நான் உதட்டைப் பிதுக்கி, கண்ணை மேலே செருகி, என்னால் முடிந்த சோகத்தை எல்லாம் காட்டினேன். "அப்பா, இது பல்வலி" என்றாள். பதிப்பகத்து அம்மாவோ, இந்த ஒரு பக்கத்தை மட்டும் வேறு ஆளைவிட்டு வரையச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து இவள் காலையில் செருப்புக்கூட வரைவதில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். நம் அப்பா நமக்குச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்த ஒரே சொத்து இந்த மூக்கும் அதன் கீழே இருப்பதும். என் பங்கை நான் அழித்துவிட்டேன், உன் பங்கு பத்திரமாக இருக்கிறது. "சித்தப்பாவ வரச் சொல்லுங்கப்பா, ஒருநாள் உக்காந்தா போதும்" என்கிறாள் மகள். நீ வந்து அவள் எதிரே உட்கார வேண்டும். உனக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரயாணமும் இப்போது கஷ்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை, உன் முழங்கால் வேறு. நிதானமாக யோசித்து, அடுத்த மாதமோ அதற்கும் அடுத்த மாதமோ சௌகரியப்பட்டால் வா. உன் மீசையால் அவளுக்கு ஒரு வேலை ஆக வேண்டும் என்றிருக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மீசையோடும் வாழட்டும், பெண் பிள்ளைக்கு முதல் பாதி மட்டும்.

இப்படிக்கு,
உரித்த உருளைக்கிழங்கு அண்ணன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே, நீ வர வேண்டாம். இந்தக் கடிதத்தை எழுதும்போது, மீசை போன நாளிலிருந்து பழகிய பழக்கத்தில் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. ஜன்னலோர மேஜை என்ற இடம் வந்தபோது பேனாவை நிறுத்திவிட்டு அவள் அறைப் பக்கம் பார்த்திருக்கிறேன். அவள் சமையலறைக் கதவு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து என்னை வரைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "இதுதாம்பா!" என்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். படத்தில் கண்டக்டர் கையால் வாயை மூடிக்கொண்டு காலி சீட்டைப் பார்க்கிறார். மீசைக்கு வேலையே இல்லை. பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, பதிப்பகத்து அம்மா போனில் அழுதாராம். பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்தாகிவிட்டது. இன்று காலை என் இடது செருப்பைக் காணோம் என்று தேடினேன், அது அவள் மேஜைமேல் இருந்தது.

"எழுதும்போது அப்படி என்னப்பா யோசிச்சிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். "உன் சித்தப்பா வீட்டுக் கதவு நம்பர் மறந்துபோச்சும்மா" என்றேன். முடிவெட்டும் கடையில் நடந்த பேச்சை அவளிடமும் சொல்லவில்லை, உன் அண்ணியிடமும் சொல்லவில்லை. கத்தியை எடுப்பதற்கு முன்னால், "எடுத்தா திரும்பி இதே மாதிரி வளர எவ்வளவு நாள் ஆகும்?" என்று அந்த ஆளிடம் கேட்டேன். "மூணு மாசமாவது ஆகும் சார்" என்றார். "அப்ப எடுத்துடுப்பா" என்றேன்.