மெட்ராஸ் அணையும் இடம்

நன்றாகக் கேட்கிற ரேடியோ நிலையத்தை ஜன்ம விரோதியாகப் பாவித்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோட்டோரம் பங்ச்சர் கடை வைத்திருந்தார். அவருக்கும் தாய் தகப்பன் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஊருக்கு அது மறந்தே போய்விட்டது. ஊர் அவரை அழைத்தது ‘கொரகொர’ என்று. மரியாதை தெரிந்தவர்கள் ‘கொரகொர அண்ணே’ என்பார்கள். நான் அவர் வீட்டில் குடியிருந்தவன் என்பதால் மரியாதை தெரிந்தவனாக இருந்தேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு அங்கே தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு, அதில் ஓர் அறை எனக்கு. குடிவந்த முதல் சாயங்காலம் பக்கத்து அறையில் அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்டது. ஆகா, புதுக் குடித்தனக்காரனுக்கு விருந்து போலிருக்கிறது என்று கை கால் கழுவிக்கொண்டு காத்திருந்தேன். பொரிந்தது, பொரிந்தது, பொரிந்துகொண்டே இருந்தது. கல்யாண வீட்டுக்குக்கூட இவ்வளவு அப்பளம் ஆகாதே என்று எட்டிப் பார்த்தேன். அடுப்பும் இல்லை, அப்பளமும் இல்லை. ஒரு பெரிய வால்வு ரேடியோவின் மேல் காதை ஒட்டவைத்துக்கொண்டு அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"ரேடியோ ரிப்பேரா அண்ணே?"

"உஸ்... ஒரு ஆளு பேசறாரு சார்."

"என்ன பேசறார்?"

"தெர்ல."

"என்ன பாஷை?"

"அதுவும் தெர்ல. ரொம்ப தூரத்துலேந்து வர்றாரு, பாவம். அம்மாந்தூரம் நடந்து வந்தவரை வாசல்லயே நிக்க வெச்சி, நீ ஆரு, இன்னா பாஷைன்னு கேப்பாங்களா? மொதல்ல அவருக்குக் காது குடுங்க."

நானும் காது கொடுத்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் அப்பளம்தான்.

விஷயம் என்னவென்றால், மெட்ராஸ் நிலையம் எங்கள் ஊரில் கணீரென்று விழும். ஊசியை எங்கே வைத்தாலும் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குதிக்கும். மற்ற வீடுகளில் அதைத்தான் வைத்தார்கள். அண்ணன் மட்டும் அதைத் தாண்டித் தாண்டி ஊசியை நகர்த்தி, இரண்டு பெரிய நிலையங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிற ஏதாவது ஓர் ஏழை நிலையத்தைத் தேடிப் பிடிப்பார்.

"மெட்ராஸ்காரன் இன்னா வெப்பான்னு எனக்குத் தெரியாதா? சாய்ங்காலம் பயிருக்கு ஒரம், அப்பால கத்திரிக்கா வெல, அப்பால ஒருத்தர் பிடில் இழுப்பாரு. எதுர் வூட்டுக்காரன் மாதிரி கத்திகினு கீறான். அவனைக் கேக்கத்தான் ஊரே கீதே. கொரலு கம்மியா வர்றவனை ஆரு சார் கேக்கறது?"

கிரிக்கெட் நாட்களில் தெருப் பையன்கள் ஸ்கோர் கேட்டு வந்து நிற்பார்கள். இவர் ஒரு விரலை உயர்த்துவார். ஒரு விக்கெட் என்று பையன்கள் துள்ளுவார்கள். அவர் சொன்னது, கொஞ்சம் பொறு, இப்போதுதான் ஒருவர் பாட ஆரம்பித்திருக்கிறார் என்று.

இதெல்லாம் போகட்டும். ரேடியோவுக்குத் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொல்கிறேன். அந்தக் காலத்து ரேடியோவுக்கு மேலே ஏரியல் கம்பி, கீழே எர்த் கம்பி. எர்த் கம்பியைப் பள்ளத்தில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்து, மண்ணைக் காயவிடாமல் வைத்திருந்தால் தூரத்து நிலையங்கள் கொஞ்சம் தெளியும். ஆகவே தினமும் சாயங்காலம் அண்ணன் ரேடியோவுக்கு ஒரு குடம் தண்ணீர் காட்டுவார். ஒரு கோடையில் கிணறு வறண்டு, அவர் மனைவி அஞ்சலை அக்கா ஏரிக்குள் ஊற்று தோண்டி இடுப்பொடியத் தண்ணீர் சுமந்தாள். எனக்குக் குளிக்க அரைக் குடம். ரேடியோவுக்கு முழுக் குடம்.

"யோவ், ரேடியோவுக்கு தாகம் எடுக்குதா? நான் தலைக்கு ஊத்திகினு எத்தினி நாளாச்சு தெரியுமா?"

"ஒரு கொடம்தானே அஞ்சல."

"அந்த ஒரு கொடத்தை எனக்கு ஊத்தேன். நானும் நாலு ஊர் சேதி சொல்றேன்."

அண்ணன் சிரிப்பார், தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றுவார். பள்ளத்தோரம் தானாக முளைத்த முருங்கை மட்டும் அந்த வீட்டில் சகல சௌகரியங்களோடும் வளர்ந்தது.

இவ்வளவு கிண்டல் செய்கிறேனே, பல சாயங்காலங்களில் நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பொழுது சாய்கிற நேரம் ஏரிக்காற்று வரும். ரோட்டில் லாரிகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். கொரகொரப்பு மழை மாதிரி பெய்துகொண்டே இருக்கும். திடீரென்று அதற்குள்ளிருந்து கடலுக்கு அந்தப்பக்கத்துப் பாட்டு ஒன்று இரண்டு அடி மேலே வரும். யாரோ ஒரு பெண். என்ன வார்த்தை என்று பிடிப்பதற்குள் மறுபடி முழுகிவிடும். அண்ணன் கண்ணைத் திறக்காமல், "போய்ட்டு வரட்டும்" என்பார். நான் ஆபீசையும் அதிகாரியையும் மறந்து எந்த ஊரிலோ மிதந்துகொண்டிருப்பேன். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

பங்ச்சருக்கு வண்டியை நிறுத்துகிற லாரி டிரைவர்களிடம் அவர் ஆணியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "வழில டீக்கடைல மெட்ராஸ் எங்க வரிக்கும் கேட்டுச்சு? எங்க அணைஞ்சுது?" இதுதான் கேள்வி. ஆற்காடு வரை தடிமாடு மாதிரி வருகிறது, வாணியம்பாடியில் இளைக்கிறது, கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஒரு மலைச்சரிவு டீக்கடையோடு சரி, அதற்கப்புறம் பெங்களூர்க்காரன் மேலே ஏறிக்கொள்கிறான் என்று டிரைவர்கள் சொல்லச் சொல்ல அவருக்கு ஏனோ அப்படி ஒரு சந்தோஷம். மெட்ராஸும் ஓர் இடத்தில் ஏழையாகிறது என்பதிலே ஒரு திருப்தி போலும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மெட்ராஸ் நிலையமே அவர் வீட்டு விஷயத்தில் தலையிட்டது.

அஞ்சலை அக்காவுக்குப் பென்னலூர் தாய்வீடு. நடவுக் காலத்தில் அங்கேதான் போவாள். அந்த வருஷம் கிராம நிகழ்ச்சிக்காக ரேடியோ வண்டி ஒன்று பென்னலூர் வரப்பில் வந்து நின்றது. நடவுப் பாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். முதல் குரல் அஞ்சலை அக்கா. மற்றவர்கள் பின்பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சேற்றுக் காலோடு ஓடிவந்து அக்கா அதைச் சொன்னபோது அண்ணன் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீயா பாடின?"

"பின்ன, பக்கத்து வயலு எருமையா பாடும்? கல்யாணம் கட்டிகினு வந்த நாள்லேந்து பாத்துகினு கீறேன். ஊரு பேரு தெரியாதவன் கொரலையெல்லாம் காதை நீட்டிகினு கேக்கற. பக்கத்துல கீறவ கொரலை என்னிக்குக் கேட்ட? ஞாயித்துக்கெழமை ஒரு நாளு மெட்ராஸ் வெய்யி. என் பக்கத்துல குந்திகினு கேளு. வேற ஒண்ணும் எனக்கு வாணாம்."

விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டாக இல்லை. அண்ணன் ஒட்டுப் போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. ஆளைக் காணோம். எதிர்க்கடைக்காரர், விடியற்காலை ஒரு லாரியில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். எங்கே என்று தெரியாது. அடுப்பங்கரையில் பாத்திரங்கள்தான் பேசின.

சாயங்காலம் பென்னலூரிலிருந்து நடவுப் பெண்கள் அத்தனை பேரும், குழந்தை குட்டிகளோடு, பூ வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். வீடு கொள்ளவில்லை. ரேடியோவை முடுக்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஊசியைத் திருப்பலாம் என்று போனால், அது ஏற்கெனவே மெட்ராஸில் இருந்தது. எர்த் பள்ளத்தில் மண் ஈரமாக இருந்தது.

உரம் வந்தது. கத்திரிக்காய் விலை வந்தது. பிறகு அறிவிப்பாளர், "அடுத்து, நடவுப் பாடல்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை ரேடியோ நிலையத்தார் கேட்டிருந்தால் அந்த நிகழ்ச்சியையே நிறுத்தியிருப்பார்கள். "அதோ என் கொரலு!" என்று ஒருத்தி கத்தினாள். "உன்னுது இல்லடி, என்னுது!" என்று இன்னொருத்தி. "அக்காவுது கணீர்னு கீது பாரு!" என்று நாலு பேர். "கம்முனு இருங்கடி!" என்று எல்லாரையும்விடச் சத்தமாக ஒரு கிழவி. குழந்தைகள் பயந்து அழுதன. எல்லாரும் அடங்கி, அக்கா ரேடியோவை நோக்கிக் குனிந்தபோது யாரோ பிடில் இழுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். பாட்டு முடிந்துவிட்டது.

கூட்டம் ஆனந்தமாகக் கலைந்தது. அக்கா மட்டும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். "கட்டினவனும் இல்ல, பாடின பாட்டும் கேக்கல, சார்" என்றாள். நான் எழுந்து ரேடியோவை அணைத்தேன்.

மறுநாள் காலை ஒரு லாரியிலிருந்து அண்ணன் குதித்தார். கண்ணெல்லாம் சிவப்பு, தலையெல்லாம் புழுதி. அக்கா வாசலில் நின்றாள். நான் ஆபீசுக்குக் கிளம்பியவன் செருப்பை மாட்டாமல் நின்றேன்.

"எங்கய்யா போன?"

"கிஷ்ணகிரிக்கு இந்தாண்ட."

"அங்க எவ கீறா?"

"ஒரு டீக்கடை கீது. மெட்ராஸ் அணையற எடம்." அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைக்காரன் பெங்களூர் வெச்சிகினு இருந்தான். கையக் காலப் புடிச்சி மெட்ராஸ் வெக்கச் சொன்னேன். கடைல குந்தியிருந்த அத்தினி பேருக்கும் டீ சொல்லிட்டேன். வாய்ல டீ இருந்தா பேச மாட்டான் இல்ல?"

"அதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? வூட்லயே..."

"வூட்ல கேட்டா எல்லாருக்கும் கேக்கற மாதிரிதானே எனக்கும் கேக்கும்? உன் கொரலு எதுவரிக்கும் வருதுன்னு பாக்கப் போனேன் அஞ்சல. ஒரம் சொன்னவன் கொரலு அங்க வர்ல. கத்திரிக்கா வெல வர்ல. வெறும் கொரகொரதான். அப்பால நீ வந்த."

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாத்து நட்டு நிமிந்தேனே, வரப்பு மேல ஆருமில்லன்னு பாடினியே, அந்த எடத்துல உன் கொரலு கம்மிச்சு. அப்பால மூச்சு இழுத்துகினு மறுக்கா எடுத்த. சரியா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் எங்க கேட்டேன்? இவளுங்க கத்தின கத்துல ஒரு அடி காதுல வுழல." சொல்லிவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள். "எப்பிடி இருந்துச்சு?"

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, பெங்களூர் ரோட்டோரம், பட்டப்பகலில், பங்ச்சருக்காக ஒரு லாரி டிரைவர் காத்திருக்க, நடவுப் பாட்டை முதலிலிருந்து பாடிக் காட்டினார். அவருக்குச் சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. ‘ஆருமில்ல’ என்ற இடத்தில் குரலைக் கம்ம வைத்து, மூச்சை இழுத்து, மறுபடி எடுத்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "போதும் நிறுத்துய்யா, ஊரு பாக்குது" என்றாளே தவிர, அவர் பாடி முடிக்கும்வரை வாசலைவிட்டு நகரவில்லை.

அதன் பிறகும் அந்த வீட்டில் அப்பளம் பொரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரே வித்தியாசம், அக்கா ஏதாவது பேச ஆரம்பித்தால் அண்ணன் எட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். தூரத்து விருந்தாளிகள் அந்த நேரம் வாசலில் காத்திருந்தார்கள்.

எனக்கு மாற்றலாகி, ஊர் ஊராகப் போய், எவ்வளவோ நல்ல ரேடியோக்கள் வாங்கிவிட்டேன். இப்போதும் ஊசியைத் திருப்பும்போது இரைச்சலுக்கு நடுவே ஏதாவது ஒரு குரல் முனகினால், அதைத் தாண்டிப் போக எனக்குக் கை வருவதில்லை. பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ.