அப்பாவுக்கு நீலம் பிடிக்கும்

என் அப்பாவுக்கு மூத்திரக் குழாயை நான் கலர் பார்த்து வாங்கினேன். சொல்லிவிட்டேன். இனி நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்கள். (முடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதவே வேண்டியிருக்கிறது.)

அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு முனை உள்ளே, மறுமுனை தொடையில் கட்டிய பையில். சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த நாள் வந்து விழுந்தது அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள். கல்யாணம் மாப்பிள்ளை ஊரான தங்காக்கில். நாங்கள் இருப்பது ஜொகூரில் பாலோ என்கிற சின்ன ஊர். மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் ஊர் கிளினிக்கில் குழாயை மாற்றிக்கொண்டு, சாயங்காலம் வேன் ஏறுவதாகத் திட்டம்.

புதுக் குழாயை நாங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு கையில் மருதாணி காய, மறு கையால் அக்கா ஒரு சீட்டை எழுதி நீட்டினாள்.

"மறக்காம சீட்டை எடுத்துட்டுப் போடா."

"ஒரு குழாய் வாங்கறதுக்குச் சீட்டா? நான் மோட்டார் பட்டறையில வேலை செய்றேன்க்கா. நாள் முழுக்க டியூப்போடதான் குடும்பம் நடத்துறேன்."

(மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவனுக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்.)

சீட்டை எடுக்காமலே கிளம்பினேன். பக்கத்து டவுன் குளுவாங்கில் ஒரு மருந்துப் பொருள் கடை. சீனத்து அம்மா ஒருவர் கண்ணாடிப் பெட்டிமேல் பாக்கெட்டுகளைப் பரப்பி, எத்தனாம் நம்பர் என்று மலாயில் கேட்டார். எனக்கு நம்பர் கண்ணில் படவே இல்லை. ஒவ்வொரு குழாயின் வாலிலும் ஒரு கலர் இருந்தது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, நீலம். ஜொகூர் அணி பந்து விளையாடுகிற அன்றைக்கு நீல ஜெர்சியை மாட்டிக்கொண்டு டிவியைத் திட்டுகிறவர் அப்பா. அப்புறம் என்ன யோசனை? நீலத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ரப்பரா சிலிகானா என்றார்.

இதெல்லாம் ஒரு கேள்வியா? முப்பது வருஷம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர் அப்பா. நாங்கள் தின்ற சோறு, என் பள்ளிக்கூடச் சப்பாத்து, அக்காவின் படிப்பு, எல்லாம் ரப்பர் போட்டது. இப்போது போய் அதற்குத் துரோகம் செய்வதா? "ரப்பர்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அக்காவுக்கு ஒரு போன் அடித்திருக்கலாம்தான். அடித்தால் சீட்டு தேவைப்பட்டது என்று ஆகிவிடுமே.

கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது அப்பாவுக்கா, இல்ல தோட்டத்துல தீ அணைக்கவா?"

"ஏன் மிஸ்ஸி, நல்ல கலர்தானே?"

"அலமாக்! கலரு அழகுக்கா வச்சிருக்காங்க? ஒவ்வொரு கலரும் ஒரு சைஸு லா. இது இருபத்து நாலு. அப்பாவுக்குப் பதினாறு போதும், ஆரஞ்சு. அதுலயும் ரப்பர் வாங்கிட்டு வந்திருக்கீங்க! அப்பாவுக்கு ரப்பர் ஆகல. இப்ப உள்ள இருக்கறது ரப்பர்தான், அதான் இவ்வளவு எரிச்சல். இங்க சிலிகான் இல்லாமதானே வெளியே வாங்கச் சொன்னேன்?"

முப்பது வருஷம் அவர் விடியற்காலையில் போய்க் கும்பிடாத குறையாகக் குனிந்து வெட்டிய மரம், கடைசியில் அவருக்கே ஆகவில்லையாம்.

அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி சிரித்தார். "விடுங்க மிஸ்ஸி. சப்பாத்து வாங்கப் போனாலே இவன் நம்பர் பாக்க மாட்டான்." பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நாளைக்கு மேடையில ஒரு மணி நேரம் உக்காரணும்டா. நெளிஞ்சுக்கிட்டே உங்கக்காவைப் பிடிச்சுக் குடுக்க வச்சிடாதே. போய்ட்டு வா."

ஒரு வாரமாக அவர் சோபா விளிம்பில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மாமனார் ஆகப் போற கெத்தாப்பா?" என்று அதையும் கேலி செய்திருந்தேன்.

மறுபடியும் குளுவாங். வழியெல்லாம் மழை. சொட்டச் சொட்டக் கடைக்குள் நுழைந்ததும், அந்தச் சீனத்து அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் ஆரஞ்சு வால் சிலிகான் குழாயை எடுத்து வைத்தார். வழக்கமாக எல்லோரும் வாங்குவது அதுதானாம், முன்பே எடுத்துத் தயாராக வைத்திருந்தார் போல. கிளினிக் ஐந்து மணிக்கு மூடும். அதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போது வாசலில் பைக்கைப் போட்டேன். மிஸ்ஸி கையுறையோடு காத்திருந்தார்.

மறுநாள் அப்பா மேடையில் நேராக உட்கார்ந்தார். பட்டு வேட்டிக்குள் பை இருந்தது யாருக்கும் தெரியாது. அக்காவின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தபோது அவர் நெளியவில்லை. அழுதார். (அதற்கு நான் பொறுப்பில்லை.) சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் மேசை மேசையாக என்னைக் காட்டி, "குழாய் வாங்கப் போயி ஜெர்சி எடுத்துட்டு வந்தவன் இவன்தான்," என்று அறிமுகம் செய்துவைத்தார்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நீல வால் குழாய் பிரிக்காத பாக்கெட்டோடு பட்டறையில் என் இழுப்பறையில் கிடக்கிறது. ஸ்பேனர் தேடும்போது கையில் படும். அன்றைக்கு வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும்.

போன வாரம் அக்காவின் குழந்தைக்கு டயப்பர் வாங்கிப் போனேன். சைஸ் எம். எனக்கு நன்றாகத் தெரியும். நான் கொண்டுபோய் வைத்தது எக்ஸ்எல், நீலப் பாக்கெட்.

அம்மா இடுப்பில் கை வைத்து, அப்பா மாதிரியே குரலை இழுத்து, "நம்பர் பாத்தியாடா, இல்ல கலர் பாத்தியா?" என்றார். அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் கேட்டார் என்று கதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமானது. கிளினிக், தீ அணைப்பு, ஜெர்சி, பந்தி. சோபா விளிம்பில் ஒரு பக்கம் யாரும் உட்காரவில்லை.

கதை முடிந்ததும் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். வாங்கும்போதே ரசீதை மழையில் நனையாமல் பர்ஸுக்குள் மடித்துத்தான் வைத்திருந்தேன்.