சிரிப்பு மேஸ்திரியின் இரட்டை மூக்கு

போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். பக்கத்து அறைக் கதவு திறந்தது. லேசாக இனித்த ஒரு வாசனை வந்து மூக்கில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், பல்வலி போன இடம் தெரியவில்லை. காஞ்சிபுரத்து வைகாசி வெயிலில், பானெட் இல்லாத ஒரு கார் என்னை ஏற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்துவிட்டது.

சிரிப்பு வாயுவை முகர்ந்துவிட்டு அழுத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஊர் அவரைச் சிரிப்பு மேஸ்திரி என்றது. பெயர் வைத்தவர்களுக்கு இரக்கம் கிடையாது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கோடையில் பாலாறு கிடக்குமே, அகலமாக, வறண்டு, அடியில் எங்கோ ஈரத்தை ஒளித்துக்கொண்டு, அப்படியொரு முகம். கார் மெக்கானிக். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர்.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஒரு பல் டாக்டரிடம் கம்பவுண்டர். மேஸ்திரி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"எந்தப் பல்லு மேஸ்திரி?"

"எதுனா ஒண்ணு. அந்த காஸ் வெச்சிப் புடுங்கணும், அவ்ளோதான்."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முப்பத்திரண்டும் கருங்கல். "எல்லாம் நல்லா இருக்குதேய்யா!"

"நல்லா இருக்கறப்பவே புடுங்கிட்டா அப்பால வலிக்காதில்ல?"

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு இடுக்கியை எடுத்தார். மூக்கில் வாயுவை வைத்தோம். எல்லோரும் இளிக்கும் இடத்தில் இவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. "தொறந்துட்டாம்பா... கேட்ட தொறந்துட்டான்..." என்று முனகினார். நாங்கள் இருவரும் திரும்பி வாசல் கேட்டைப் பார்த்தோம். அது சாத்தித்தான் கிடந்தது.

தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இந்த காஸ் எரியுமா?"

"தானா எரியாது. எரியறத இன்னும் வெறியா எரிய வெக்கும்," என்றார் டாக்டர்.

தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனார். போன பல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் டாக்டர் கடையை மூடினார். அவர் காரைச் சரிசெய்து கொடுத்ததற்கு மேஸ்திரி கேட்டது மூன்று சிரிப்பு வாயு சிலிண்டர்கள். கூடவே வேலையில்லாமல் நின்ற என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் கொட்டகையில் ஒரு பழைய பந்தயக் கார் இருந்தது. சென்னையில் யாரோ ஒரு பணக்காரப் பிள்ளை ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்டது. அதற்கு இரட்டை மூக்கு வைத்தார். ஒரு மூக்கில் சிரிப்பு வாயு, இன்னொன்றில் கூடுதல் பெட்ரோல். இரண்டும் ஒரே நொடியில் இன்ஜினுக்குள் பீச்ச வேண்டும். வாயு மட்டும் போனால் பிஸ்டன் வெல்லம் மாதிரி உருகிவிடும். மூக்குகள் வேறொன்றுமில்லை, பம்ப் ஸ்டவ்வின் நிப்பிள்கள். துளையை ஸ்டவ் பின் போட்டுக் குத்திக் குத்தி, வாளித் தண்ணீரில் குமிழி விட்டுப் பார்த்து, மாதக்கணக்கில் அளவு பார்த்தார்.

இரண்டையும் ஒரே கைப்பிடியில் இணைத்திருக்கலாம். நான் கேட்டேன்.

"கோர்வைப் பொடவைக்கு எத்தினி ஆளு?" என்றார்.

"ரெண்டு."

"ஒருத்தன் ஒடம்ப நெய்வான், ஒருத்தன் கரைக்கு நாடா தள்ளுவான். ஒத்த ஆளு நெய்ஞ்சா கரை பிரிஞ்சிக்கினு போயிடும். இதுவும் அப்பிடித்தான்."

அதனால் வாயு அவர் கையில். பெட்ரோல் என் கையில். என் தொடைகளுக்கு நடுவில் பெட்ரோல் நிரப்பிய ஸ்டவ் டேங்க். அவர் "தள்ளு" என்றதும் நான் திருகைத் திறக்க வேண்டும். எரிமலையை மடியில் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கிய கம்பவுண்டர் வேறு எவனும் இருக்க மாட்டான்.

முதல் வெள்ளோட்டத்தில் பானெட் கழன்று ஒரு முருங்கைமரத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதில், தெருவை அடைத்து நெசவு நூலை நீட்டிக் கட்டியிருந்த பட்டுப் பாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"யோவ் சிரிப்பு! பாவு போட்டுக்கினு இருக்கோம், கண்ணு அவிஞ்சா பூட்சி?" கத்தியது எதிர்வீட்டு ராஜம்மா. அந்தம்மா வாயில் விழுந்தவர்கள் எழுந்ததில்லை.

சிலிண்டர் குளிர்ந்தால் வாயு சோம்பிப் போகும். அதற்காக மேஸ்திரி அதைப் பின்சீட்டில் படுக்க வைத்து ஒரு அரக்குப் பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டார். ராஜம்மா எட்டிப் பார்த்தது.

"சிலிண்டருக்குச் சீமந்தம் எப்போ மேஸ்திரி?"

தெரு சிரிக்கவில்லை. ராஜம்மாவும் புடவையை அடையாளம் கண்டுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகுதான் எனக்குச் சொன்னார்கள், அது மேஸ்திரி மனைவியின் புடவை என்று. நான்கு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்துக்காக மேஸ்திரி மனைவியை டாக்சியில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வாலாஜாபாத்துக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டியொன்று நடுவழியில் நின்றுவிட்டது. அது நகர்ந்தபோது பின்சீட்டில் யாரும் வலிக்குக் கத்தவில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் காருக்குப் பந்தயம் எதனோடு என்று புரிந்தது.

கருட சேவை நாள். ஊரில் ஒரு டாக்சி கிடையாது. மத்தியானம் ராஜம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தது. மருமகளுக்குக் குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். செங்கல்பட்டுக்கு உடனே போகச் சொல்லிவிட்டாளாம் நர்ஸம்மா.

"மேஸ்திரி, நான் பேசுனதயெல்லாம் மனசுல வெச்சிக்காத சாமி..."

"ஏறும்மா. சிலிண்டர மடியில வெச்சிக்க. குளுந்துடக் கூடாது."

ராஜம்மா ஒரு கையில் மருமகள் தலையையும் இன்னொரு கையில் புடவை சுற்றிய சிலிண்டரையும் அணைத்துக்கொண்டது. வண்டி புளியமரங்களுக்கு நடுவே ஓடியது. தூரத்தில் கேட் தெரிந்தது. கேட்மேன் கம்பத்தை இறக்கச் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"தள்ளு!"

மேஸ்திரி வாயுவைத் திறந்துவிட்டார். என் விரல் திருகின் மேல் இருந்தது. அசையவில்லை. பயம். மடியில் பெட்ரோல், பின்னால் ஒரு பெண்ணின் ஓலம், எதிரே இறங்கத் தொடங்கிய கம்பம். "தள்ளுடா!" என்று இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் திருகினேன். முதுகில் யாரோ உதைத்தது போல வண்டி பாய்ந்தது. கம்பம் தலைக்கு மேல் உரசிப் போக, அந்தப் பக்கம் போய்விட்டோம்.

நூறடி தாண்டியதும் இன்ஜின் இருமிச் செத்தது. பிஸ்டன் உருகியிருந்தது. அரிசி மில் லாரி ஒன்று அங்கே நின்றது. மூட்டைகளின் மேல் மருமகளைப் படுக்க வைத்து, ராஜம்மாவோடு அனுப்பினோம். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

மேஸ்திரி லாரியோடு போகவில்லை. திரும்பி நின்று, மூடிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்து போனது.

"இந்தப் பக்கம் நின்னு இத்த நான் பாத்ததே இல்லப்பா," என்றார்.

அந்தக் காரை அவர் மறுபடி தொடவில்லை. ஆவணி பிறந்ததும், ஓசூர் பக்கம் வேலை என்று கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில், கையில் ஒரு டிரங்குப் பெட்டி, மேலே மடித்த அரக்குப் புடவை. பஸ் உறுமும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"மேஸ்திரி, அன்னிக்கு நான் லேட்டாதான் தொறந்தேன். இன்ஜின் போனது என்னாலதான்."

ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தலையில் வைத்தார். பல் போன இடம் தெரிந்தது. சிரித்தாரா என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

"தெரியும்பா. லேட்டானா இன்னா, நீ தொறந்தியே."