கத்தரிக்கோல் விழாவுக்குப் பிறகு

டோலிடோ,
நவம்பர் 1999

பெருமதிப்பிற்குரிய அர்டீலியா அத்தைக்கு,

தங்கள் தம்பி மகன் லமாண்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். தங்கள் புது முழங்கால் டெட்ராய்ட் குளிரைத் தாங்குகிறதா? உங்கள் மகன் க்ளிஃப்டன் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுவிட்டானா? போடவில்லையென்றால் சொல்லுங்கள், நான் வந்து போடுகிறேன். அவன் போட்டால் அது கழன்று வரும்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் நான் "அத்தை" என்றால் மீதி எல்லாவற்றையும் நீங்களே பேசிவிடுவீர்கள். எதிரில் இருப்பவன் சொல்வது உங்கள் காதில் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. கடிதத்தில்தான் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்கவும் முடியும்.

விஷயம் யுவெட் அக்காவைப் பற்றியது. ஜூன் மாதம் இங்கே எங்கள் சர்ச் அடித்தளத்தில் நீங்கள் வந்து நடத்திய விழாவை மறந்திருக்க மாட்டீர்கள். வேலை கிடைத்து, அரசாங்க உதவித்தொகையை விட்டு வெளியே வந்த ஐந்து பெண்களுக்குப் பாராட்டு. மூன்று அடுக்குக் கேக். பாடகர் குழு. தோட்டத்தில் செடி வெட்டும் பெரிய கத்தரிக்கோலுக்கு ரிப்பன் கட்டி நடு மேஜையில் வைத்திருந்தீர்கள். அந்த நல அலுவலகம் கொடுத்த எந்த அட்டையும் இனி உங்கள் பையில் இருக்கக் கூடாது, எடுங்கள், வெட்டுங்கள் என்றீர்கள். ஒவ்வொருத்தியும் வெட்ட வெட்டக் கைதட்டல். அக்கா முறை வந்தபோது அவள் உதவித்தொகை அட்டையை வெட்டினாள், எல்லோரும் இன்னும் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள், அந்த வேகத்தில் மருத்துவ அட்டையையும் எடுத்து வெட்டினாள், மகள் ஷெரீஸ் பெயர் போட்டிருந்த குழந்தை அட்டையையும் சேர்த்து. நீங்கள் அவளைக் கட்டிப்பிடித்து, இனி இந்தக் குடும்பம் யாரிடமும் கை நீட்டாது என்று மைக்கில் சொன்னீர்கள். நானும் கைதட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. கேக் நன்றாக இருந்தது.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். அக்காவுக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. அங்கே மருத்துவக் காப்பீடு முழுநேர ஆட்களுக்கு மட்டும். அதனாலேயே யாரையும் முழுநேரம் ஆகவிடாமல் கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதற்குத் தனியாக ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். செப்டம்பரில் ஷெரீஸுக்கு இழுப்பு வந்தது. ஏழு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஓடக் கூடாது என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர் கணினியைத் தட்டிப் பார்த்து, இந்தப் பெயரில் மருத்துவ அட்டை எதுவும் இப்போது நடப்பில் இல்லையம்மா என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு இன்ஹேலரைக் காசு கொடுத்து வாங்கி, அதைச் சாமி பிரசாதம் மாதிரி அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு இழுப்பு இழுக்க வேண்டிய பிள்ளை ஒன்றை இழுத்துவிட்டு, போதும்மா, எனக்குச் சரியாயிடுச்சு என்று பொய் சொல்கிறது. அது பொய் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அலுவலகத்திலிருந்து ஏதாவது தபால் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். உறையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டாளாம். ஏன் என்றால், அந்த ஆபீஸோட பேச்சே கிடையாதுன்னு அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் என்கிறாள்.

எனக்குப் பொறுமை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு நானே போனேன். டோக்கன் வாங்கி, தரையோடு ஆணி அடித்த நாற்காலியில் காலை முழுவதும் உட்கார்ந்து, கடைசியில் திருமதி கோல்பர்ன் என்பவரின் மேஜைக்குப் போனேன். வயதானவர், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். விவரம் சொன்னேன். உதவித்தொகை மூடியாச்சு, அதோட எல்லாம் மூடியாச்சு, கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது என்றார். நான் விடவில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது: வரவேற்பறை விளக்குக்கு ஒரு மின்சுற்று, அடுப்புக்கு ஒரு சுற்று, இரண்டையும் ஒரே சுவிட்சில் கொடுக்கிறவன் மடையன். பண உதவி ஒரு சுற்று, வைத்தியம் இன்னொரு சுற்று, மூன்று வருஷத்துக்கு முன்பே சட்டம் போட்டு இரண்டையும் பிரித்தாயிற்று என்று பேப்பரில் படித்தேனே என்றேன். அந்த அம்மாளுக்கு நான் சொல்வது புரியவில்லை என்று தோன்றியது. அவர் மேஜைக்கடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதில்தான் காபி மெஷினும் கணினியும் செருகியிருந்தன. உதாரணத்துக்குக் காட்டலாமே என்று நினைத்து, "இப்ப பாருங்க, காபி மெஷினை நிறுத்தறேன்" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸ் நுனியால் அந்தப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினேன்.

அத்தை, காபி மெஷின் நின்றது. அவர் கணினியும் நின்றது, அதைத்தான் காட்ட நினைத்தேன். ஆனால் பக்கத்து மேஜை, அதற்குப் பக்கத்து மேஜை, ஜெராக்ஸ் மெஷின், டோக்கன் எண் காட்டும் பலகை என்று அந்த வரிசை முழுக்க நின்றுபோகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று செருகிவைத்திருக்கிறார்கள். கட்டடம் இன்னும் எரியாமல் இருப்பதே ஆச்சரியம். அதையும் சொன்னேன். காலையிலிருந்து உட்கார்ந்திருந்த ஜனங்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் "உன் நியாயத்தை உன் வீட்ல போய் செருகுடா" என்றாள். காவலாளி என் தோளைப் பிடித்து, வாங்க வயர் தம்பி, காத்தாட நடக்கலாம் என்று வெளியே கொண்டுபோய் விட்டார்.

வாசலில் கோபமாக நின்றுகொண்டிருந்தேன். சிகரெட் பிடிக்க அதே திருமதி கோல்பர்ன் வந்தார். கணினி போனதால் அவருக்கும் வேலை இல்லை. என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ சொன்னது சரிதான் தம்பி. பணத்தை மூடினா மிஷினு வைத்தியத்தையும் சேர்த்து மூடிடுது. அது தப்பு. வேலைக்குப் போனவங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் உண்டு, பிள்ளைக்கு அதுக்கு மேலயும் உண்டு. ஆனா நீ வந்து கத்தி பிரயோஜனம் இல்ல. உங்க அக்கா வந்து கேக்கணும். இந்த மாசத்துக்குள்ள கேட்டா சுலபம். யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. ஏன்னு எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. கத்தரிக்கோல் பிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியுமே.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் இஸ்திரி போடுவதை நிறுத்தவே இல்லை. "அத்தனை பேர் முன்னாடி வெட்டினேன்டா. அத்தை என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. என் வாழ்க்கையில என்னைப் பாத்து யாரும் அப்படிப் பெருமைப்பட்டதில்ல. இப்ப போய், ஐயா திரும்பக் குடுங்கன்னு நிக்கச் சொல்றியா?" என்றாள். நான் வயர் படம் போட்டு விளக்கினேன். அவள் அந்தக் காகிதத்தை மடித்து ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

ஆகவே அத்தை, இது உங்களால் ஆனது, உங்களால்தான் தீர வேண்டும். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த விழாவில் நீங்கள் பாட்டுக்கு ஆடினீர்களே, அந்தப் புது முழங்கால் யார் காசில் போட்டது? அரசாங்கம் வயதானவர்களுக்குக் கொடுக்கிற மருத்துவ அட்டை. அதை ஏன் நீங்கள் வெட்டவில்லை? பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உழைத்து வரி கட்டினேன், அது என் உரிமை என்பீர்கள். சரி. அக்கா இப்போது ஹோட்டல் துணியை வேகவைத்துக்கொண்டு வரி கட்டவில்லையா? உங்கள் முழங்காலுக்கு உள்ள மரியாதை ஷெரீஸின் நெஞ்சுக்கு இல்லையா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் போவாள். நான் சொன்னால் மேஜைக்கால்தான் நேராகிறது.

ஒரே ஒரு நல்ல செய்தி. சும்மா இருக்க முடியாமல், ஒரு பெட்டி மின்விசிறியின் பின்னால் வீட்டு ஹீட்டரில் போடும் காற்று வடிகட்டியை ஒட்டி, தூசி பிடிக்கும் கருவி ஒன்று செய்து ஷெரீஸ் கட்டிலருகே வைத்தேன். முதல் நாள் ஃபியூஸ் போய் மொத்தக் கட்டடமும் இருண்டது. வீட்டுக்காரர் படியேறி வந்து பேசியதை இங்கே எழுத முடியாது. இரண்டாம் நாள் பிள்ளைக்குக் குளிரில் சளி பிடித்தது. ஆனால் இந்த வாரம் பாருங்கள், இருமல் நின்றுவிட்டது. நேற்று மாடிப்படியில் ஓடி ஏறினாள், "மாமா, மூச்சு வாங்கல பாரு" என்றாள். என் கருவிதான் காரணம். இருந்தாலும் கருவி என்பது தற்காலிகம். தயவுசெய்து அக்காவோடு பேசுங்கள்.

உங்களுக்குச் சுற்று விஷயம் தெளிவாகட்டும் என்று பின்பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன். சிவப்புக் கோடு பணம், நீலக் கோடு வைத்தியம்.

க்ளிஃப்டனுக்கும் அவன் வீட்டாருக்கும் என் அன்பு. தங்கள் ஆசியும் பிரார்த்தனையும் எங்கள் தலைமேல் என்றும் இருக்க வேண்டும். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த,
லமாண்ட்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் அக்கா இதை எடுத்துப் படித்துவிட்டாள். படிக்கப் படிக்கச் சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அலமாரியைத் திறந்து காட்டினாள். புது இன்ஹேலர் இரண்டு. பக்கத்தில் புது அட்டை.

போன வாரம் நான் வேலைக்குப் போன நேரத்தில் டெட்ராய்டிலிருந்து பஸ் பிடித்து நீங்களே வந்தீர்களாம். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீங்கள் பேசிக்கொண்டே இருக்கும்போது பின்னால் ஷெரீஸ் இருமியது உங்கள் காதில் விழுந்ததாம். அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போய், திருமதி கோல்பர்ன் மேஜையில் உங்கள் அட்டையை எடுத்து வைத்து, "இதை நான் வெட்டலம்மா. இவளை வெட்டச் சொன்னது என் தப்பு" என்றீர்களாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. காவலாளி மட்டும், நீங்க அந்த வயர் தம்பி வீட்டாளுங்களா என்று கேட்டு, மேஜையிலிருந்து தள்ளி உட்காரச் சொன்னாராம். லமாண்டுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் படம் போட்டுக் கடிதம் எழுதுவான் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினீர்களாம்.

எழுதிவிட்டேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. உங்கள் காதில் எதுவும் ஏறியதாகச் சரித்திரம் இல்லை என்று முதலில் எழுதியதை மட்டும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். கருவியை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் கை குலுக்கினார்.

அன்று வெட்டிய மற்ற நான்கு பேரையும் வரும் ஞாயிறு அடித்தளத்துக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்றும், திருமதி கோல்பர்னும் வருகிறார் என்றும் அக்கா சொன்னாள். நானும் வருகிறேன். பேச மாட்டேன். கேக்கை நீங்கள் கொண்டுவாருங்கள். அதை வெட்ட சின்னக் கத்தி ஒன்று நான் கொண்டுவருகிறேன். அந்தக் கத்தரிக்கோல் டெட்ராய்டிலேயே இருக்கட்டும்.