கெலிஓயா மம்மியும் கல்யாணப் புரியாணியும்

கெலிஓயா மம்மியிடம் "வேண்டாம்" என்று சொல்லித் தப்பித்தவர் கண்டி மாவட்டத்தில் ஒருவரும் இல்லை. பஸ் கண்டக்டர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஒரு பல் வைத்தியரும் முயன்றார். பல் பிடுங்கப் போன மம்மி, அவர் மெலிந்துபோயிருப்பதாகக் கண்டுபிடித்து, வீக்கம் வடியாத கன்னத்தோடு அடுத்த மூன்று நாளும் சோற்றுப் பார்சலுடன் போய் நின்றார். நாலாம் நாள் வைத்தியர் தானே ஃபோன் பண்ணி, இன்று என்ன கறி என்று கேட்டாராம்.

மம்மிக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும், அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும்கூட, அவர் மம்மிதான். அதனால் அவருடைய கணவர் டெடி ஆனார். இதுபற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பேராதனையில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தபோது, பக்கத்து ஊரான கெலிஓயாவில் மம்மி வீட்டுப் பின்னறையில் வாடகைக்குப் போனேன். முதல் நாள் மாலை பெட்டியை இறக்கி வைக்கவில்லை, கதவில் குரல்.

"மகன், சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டேன் மம்மி. கடையில கொத்து ரொட்டி."

"கடையில தின்னா அது சாப்பாடா? வாங்க, கதிரையை இழுத்துப் போட்டு ஒக்காருங்க."

நான் சாப்பிட்டுவிட்டேன் என்பதை அவர் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை. என் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டு, அதற்கு உடன்பட மறுத்துவிட்டார்.

ஆனால் அந்த மேசையில் சோற்றைத் தொடுவதற்கு முன் ஒரு ஜெபம் உண்டு. கண்ணை மூடினால் கறியில் ஆடை படியும் வரை திறக்க முடியாது. மம்மிக்கு யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லிப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் கர்த்தரிடம்தான் சொல்வார், நாங்கள் கேட்கும்படியாக. நேரில் "வாங்க மகன்" என்பவர், ஜெபத்தில் மட்டும் என்னை "இவன்" என்பார்.

"கர்த்தாவே, பின்னறையில இருக்கிற இந்த சிவா நல்ல புள்ள. ஈரத் துவாயைக் கட்டில் மேல போடாத மனச இவனுக்கு நீர்தான் குடுக்கணும். டெடி சுருட்டை எங்க ஒளிச்சி வச்சிருக்காருன்னு உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

டெடியின் ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்து மூடும். நான் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்து, எல்லோருக்கும் முந்தி "ஆமென்" சொல்வேன். என்ன செய்வது, மீன் பொரியல் அதற்குப் பிறகுதானே வரும்.

செவ்வாய்க்கிழமைகளில் மம்மி ஆஸ்பத்திரிக்குப் போவார். பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்கு இலைக்கஞ்சி, கூடவே ஜெபம். ஒருநாள் போத்தல் தூக்க நானும் போனேன். ஒரு கட்டிலில் தடித்த மனிதர் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மம்மி அவர் தலையில் கையை வைத்து, நாளைய ஒபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று பத்து நிமிடம் உருக்கமாக மன்றாடினார். மனிதர் நடுங்கிப்போய் எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்கு என்னா ஒபரேஷன்? நான் தம்பியப் பாக்க வந்தவன்! அவன் முகம் கழுவப் போன நேரத்துல கொஞ்சம் சாஞ்சேன்!"

பயத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் ஓடி வந்து பிரஷர் பார்த்தார். எக்கச்சக்கமாக இருந்தது. கையோடு கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

"பாத்தீங்களா மகன்? வியாதி இருந்திருக்கு. யாருக்குத் தெரிஞ்சிச்சு?" என்று மம்மி போத்தலை மூடினார்.

இப்படி ஊருக்கெல்லாம் தாயாக இருந்தவருக்குச் சொந்தமாக ஒரே மகள், ஷெரின். பள்ளிக்கூட டீச்சர். தாயின் தாராளத்துக்கு உண்மையில் விலை கொடுத்தது அவள்தான். அவளுடைய பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கு முன்பே வேறொரு வீட்டுக்குப் போயிருக்கிறது. கிறிஸ்மஸுக்குத் தைத்த சட்டை அடுத்த தெருப் பிள்ளையின் உடம்பில் சர்ச்சுக்கு வந்திருக்கிறது. புதுச் சப்பாத்து ஒரு கிழமைகூட அவள் காலில் தங்கியதில்லை.

கல்யாணம் நிச்சயமானதும் ஷெரின் தாயை மேசைக்கு முன்னால் இருத்தினாள்.

"மம்மி, என் கல்யாணத்தன்னைக்கு மட்டும் ஒண்ணையும் யாருக்கும் தூக்கிக் குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்கு மகள்."

"அப்ப வாக்குக் குடுங்க."

மம்மி டெடியைப் பார்த்தார். டெடி கூரையைப் பார்த்தார். மம்மி வாக்குக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே பிடித்த மழை விடவில்லை. கல்யாணத்தன்று விடியற்காலையில் ஊருக்கு மேலே மண்மேடு சரிந்து ஒரு வரிசை வீடுகள் போய்விட்டன. சனங்கள் எப்படியோ முன்கூட்டியே வெளியேறித் தப்பியிருந்தார்கள். எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருப்பதாகத் திரீவீல்காரர் சொன்னார். என் புத்தி, அதைச் சர்ச் வாசலில் வைத்து மம்மியிடம் சொன்னேன்.

"ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மம்மி. வீடுதான் போச்சு. முப்பது குடும்பம்."

"சாப்பாடு?"

"பிஸ்கட் குடுத்திருக்காங்களாம்."

சர்ச்சில் மம்மி பாட்டுப் பாடவேயில்லை. பாஸ்டருடைய குரலையே அமுக்கிப் பாடுகிறவர் அவர்.

மண்டபத்துக்கு வந்ததும் சமையல்காரர் ராசிக் நானா என்னை ஓரமாக இழுத்தார். அவர் கையால் புரியாணி இல்லாமல் அந்தப் பக்கத்தில் எந்தச் சாதியிலும் எந்தச் சமயத்திலும் கல்யாணம் நடக்காது.

"தம்பி, மம்மி நாலு தரம் வந்துட்டாங்க. சட்டியெல்லாம் பாக்குறாங்க, ஒண்டும் செல்லாமப் போறாங்க. உப்புக் கொறவுண்டு ஏசினாலும் பரவாயில்ல. எனக்குப் பயமா ஈக்கிது."

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ண மம்மியை அழைத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கதிரையில் வசதியாகச் சாய்ந்து கண்ணை மூடினார்கள். மம்மி எழுந்தார்.

"கர்த்தாவே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. ஆமென்."

அவ்வளவுதான். ஜெபம் முடிந்துவிட்டது என்பதை யாரும் நம்பவில்லை. மண்டபம் முழுதும் தலை குனிந்தபடியே இருந்தது. மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணா, மம்மிக்கு என்ன? டொக்டரைக் கூப்பிடவா?"

மண்சரிவு விஷயத்தைச் சொன்னேன். ஷெரின் திரும்பித் தாயைப் பார்த்தாள். மம்மி காலியான சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, தண்டனை பெற்ற பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷெரினின் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான். அதை நான் பார்த்தேன். பிறகு போய் மைக்கை எடுத்தாள்.

"கர்த்தாவே, ஜெபம் இன்னும் முடியல்ல. எங்க மம்மிக்கும் ஒரு வாக்கைக் காப்பாத்த முடியும்னு இன்னைக்கித்தான் கண்டேன், நன்றி. இனி அந்த வாக்கு வேணாம். ஸ்கூல்ல முப்பது குடும்பம் பசியோட இருக்கு. மூணு சட்டியை வேன்ல ஏத்த ராசிக் நானாவுக்குப் பெலன் குடும். எங்களுக்கு ஒரு சட்டியும் கட்லட்டும் போதும்ங்கிற மனசக் குடும். முன்னுக்கு இருக்கிற மாப்பிள்ளையோட மாமா முகத்தைச் சுளிக்காம இருக்கவும் கிருபை செய்யும். ஆமென்."

"ஆமீன்!" என்று முதல் பதில் சமையலறைக் கதவிலிருந்து வந்தது. ராசிக் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் மம்மி பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிப் பரிமாற நின்றார். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வாளி தூக்கினார். ஷெரினின் வெள்ளைச் சேலை முழங்கால் வரை செம்மண் சேறு.

"கல்யாணப் பொண்ணு சேத்துல நடக்கலாமா? போய் ஒக்காரு மகள்!"

"நீங்க மொதல்ல ஒக்காருங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல்ல."

ஷெரின் தாயின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி என்னிடம் தந்தாள். வகுப்பறை வாங்கு ஒன்றில் அவரை உட்காரவைத்து, புரியாணியைப் பிசைந்து வாயில் ஊட்டினாள். இரண்டாவது வாய்க்கு மம்மியின் கண் நிறைந்து வழிந்தது.

"காரம் கூடிப்போச்சு," என்றார்.

"காரமா! சின்னப் புள்ளையும் திங்குற மாதிரியெல்லோ போட்டீக்கி!" என்று ராசிக் நானா அந்தப் பக்கமிருந்து பதறினார்.

மம்மி போன வருடம் காலமானார். ஷெரின் இப்போது தெல்தெனியவில் இருக்கிறாள். தன்னோடு வரச் சொல்லி எத்தனையோ தரம் கூப்பிட்டுவிட்டாள், டெடி அசையவில்லை. எனக்குக் கல்யாணமாகிக் கண்டி டவுனில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளை பஸ்ஸைப் பிடித்துக் கெலிஓயாவில் இறங்கி, டெடியோடு முன் விறாந்தையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. கிளம்பும்போது என் மனைவி, "எங்க போறீங்க?" என்று கேட்டால், யோசிக்காமல் வாயில் வருவது, "வீட்டுக்கு."